மெம்ப்ரேன் மீது டின் ஆக்சைடு லிஃப்ட்-ஆஃப்: நடுவில் மட்டும் ரெசிஸ்ட் கரைய மறுக்கிறது

நுண்தகடு எழுதியது:

வணக்கம். மைக்ரோ ஹாட்பிளேட் (மெல்லிய சவ்வின் நடுவே சிறு ஹீட்டர்) வகை வாயு சென்சாருக்கு டின் ஆக்சைடு படலம் போடும் வேலை. முறை லிஃப்ட்-ஆஃப்: ரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சில் வடிவம் வரைந்து, மேலே படலம் போட்டு, ரெசிஸ்டைக் கரைத்து வேண்டாத படலத்தை அதோடு கழற்றுவது. 4 அங்குல சிலிக்கான் வேஃபர், 525 மைக்ரான் தடிமன். முன்பக்கம் சிலிக்கான் ஆக்சைடும் நைட்ரைடும் அடுக்கிய 1 மைக்ரான் மெம்ப்ரேன் (மெல்லிய சவ்வு), 1.5 மில்லிமீட்டர் சதுரம். பின்பக்கச் சிலிக்கானை ஏற்கெனவே எட்ச் செய்து (அரித்து) எடுத்தாயிற்று, எனவே மெம்ப்ரேன்கள் எல்லாம் அடியில் தாங்கல் இல்லாமல் நிற்கின்றன. ஹீட்டரும் சீப்பு வடிவ எலெக்ட்ரோடும் ஒரே அடுக்கு: டைட்டானியம் 20 நானோமீட்டர், அதன்மேல் பிளாட்டினம் 200 நானோமீட்டர். எலெக்ட்ரோடு விரல்களுக்கு நடுவே இடைவெளி 10 மைக்ரான்.

லித்தோகிராஃபிக்கு ஏஇசட் 5214இ ரெசிஸ்ட், இமேஜ் ரிவர்சல் முறை (ரெசிஸ்ட் சுவரை உட்சாய்வாக்குவது), தடிமன் 1.4 மைக்ரான். படலம் 3 அங்குல செராமிக் டின் ஆக்சைடு டார்கெட்டிலிருந்து ஆர்எஃப் ஸ்பட்டரிங் (பிளாஸ்மா அயனிகளால் டார்கெட்டை அடித்து அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது). 150 வாட், 0.7 பாஸ்கல், ஆர்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் 9:1, டார்கெட்டிலிருந்து வேஃபருக்கு 8 சென்டிமீட்டர். ஏறத்தாழ 25 நிமிடத்தில் 100 நானோமீட்டர் ஏறுகிறது.

சிக்கல் இதுதான். வேஃபரின் தடித்த பகுதியில் இருக்கும் சோதனைச் சதுரங்களில் லிஃப்ட்-ஆஃப் சுத்தமாக வருகிறது. மெம்ப்ரேன் மீது வருவதில்லை. அதிலும் மெம்ப்ரேனின் ஓரத்தில் ஓரளவு பரவாயில்லை, நடுவுக்குப் போகப் போக மோசம்: பழுப்பு நிற எச்சம், படலத்தின் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் கிழிசல்கள். அசிட்டோனில் இரவு முழுக்க ஊறவைத்தாலும் அசைவதில்லை. அல்ட்ராசோனிக்கில் வைத்தால் மெம்ப்ரேன் உடைகிறது.

வந்த சில சில்லுகளை 500 டிகிரி செல்சியஸில் காற்றில் அனீல் செய்தால் (சூட்டில் பதப்படுத்தினால்) பிளாட்டினம் விளிம்பை ஒட்டியே மயிரிழை விரிசல் தெரிகிறது. மின்தடையும் மல்டிமீட்டரின் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ரெசிஸ்டை மாற்ற வேண்டுமா, ஸ்பட்டரிங்கை மாற்ற வேண்டுமா, அல்லது லிஃப்ட்-ஆஃபையே விட்டுவிட்டு அமிலத்தில் எட்ச் செய்யப் போவதா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவும்.

---

மஞ்சள்_அறை எழுதியது:

முதலில் ரெசிஸ்ட் பக்கம். ஆவியாக்கிப் படியவைக்கும்போது உலோக அணுக்கள் நேர்கோட்டில் வரும். அதற்கு இமேஜ் ரிவர்சலின் உட்சாய்ந்த சுவர் போதும். ஸ்பட்டரிங் அப்படியல்ல. 0.7 பாஸ்கலில் ஆர்கானில் ஒரு அணு மோதாமல் போகும் தூரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். 8 சென்டிமீட்டர் தாண்டி வருவதற்குள் பலமுறை மோதித் திசைமாறி, எல்லாக் கோணத்திலும் வந்து விழும். சுவரிலும் படலம் ஏறும். நீங்கள் பார்க்கும் நிமிர்ந்த கிழிசல் அந்தச் சுவர்ப் படலம்தான்.

இதற்கு ஈரடுக்கு முறைக்குப் போங்கள். கீழே எல்ஓஆர் (லிஃப்ட்-ஆஃபுக்கென்றே உள்ள அடிப்பூச்சு), மேலே சாதாரண பாசிட்டிவ் ரெசிஸ்ட். எல்ஓஆர் ஒளிக்கு மசியாது, டெவலப்பரில் (ஒளிபட்ட ரெசிஸ்டைக் கரைக்கும் திரவம்) மட்டும் சீராகக் கரையும். அதனால் மேலடுக்குக்கு அடியில் குகைபோல் உள்வாங்கிவிடும். படலம் அந்தக் குகைக்குள் முழுதும் எட்டாமல் அறுந்துபோகும், கரைப்பானுக்கு வழி கிடைக்கும்.

செய்முறை இப்படி. வேஃபரை 180 டிகிரியில் 5 நிமிடம் உலர்த்துங்கள். எல்ஓஆர் 5பி நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் ஊற்றினால் அரை மைக்ரான் சுமாருக்கு வரும். 100 நானோமீட்டர் படலத்துக்கு இது தாராளம். கீழடுக்கு படலத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும் என்பது பொது விதி, ஸ்பட்டரிங்குக்கு நான் மூன்று மடங்குக்குக் குறையச் சொல்லமாட்டேன். 170 டிகிரியில் 5 நிமிடம் பேக். ஆறியதும் எஸ்1813, 4000 சுழற்சியில், 115 டிகிரியில் ஒரு நிமிடம். டெவலப்பர் 2.38 சதவீத டிஎம்ஏஎச் (காரக் கரைசல்), 60 முதல் 90 நொடி.

இதில் உயிர்நாடி எல்ஓஆர் பேக் வெப்பநிலை. குகை எவ்வளவு ஆழம் போகும் என்பதை டெவலப் நேரத்தைவிட அதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. 160-க்கு இறங்கினால் குகை வேகமாகப் பெருகி மேலடுக்கு தொங்கிப்போகும். 190-க்கு ஏறினால் குகை போதிய ஆழம் போகாது. ஹாட் பிளேட்டின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். வேஃபர் மேற்பரப்பை தெர்மோகப்பிளால் அளந்து பாருங்கள், 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதைவிட முக்கியம், தாங்கல் இல்லாத மெம்ப்ரேனுக்கு அடியில் ஹாட் பிளேட் தொடவே இல்லை, நடுவில் காற்றுதான். ஆகவே அங்கே குகையின் அகலம் தடித்த பகுதியைவிட மாறித்தான் இருக்கும். டெவலப் ஆனதும் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு இடத்திலும் பாருங்கள். ரெசிஸ்ட் விளிம்பை ஒட்டி வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடும், அதன் அகலமே குகையின் ஆழம். 1 முதல் 1.5 மைக்ரான் இருந்தால் நல்லது. உங்கள் இடைவெளி 10 மைக்ரான் என்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆக்சைடு திட்டு எலெக்ட்ரோடு முழுவதையும் மூடப்போகிறது, விரல்களுக்கு நடுவே எதையும் அறுக்கப்போவதில்லை.

கரைப்பது பற்றி. எல்ஓஆரை அசிட்டோன் சரியாகக் கரைக்காது. அசிட்டோனில் போட்டால் மேலடுக்கு மட்டும் கரைந்து, பிய்ந்த படலத் துணுக்குகள் எல்ஓஆர் மேல் வந்து படிந்து ஒட்டிக்கொள்ளும். என்எம்பி அல்லது டிஎம்எஸ்ஓ (இரண்டும் கரிமக் கரைப்பான்கள்) அடிப்படையிலான ரிமூவரை 60 முதல் 80 டிகிரியில் வைத்து, வேஃபரைச் செங்குத்தாகவோ முகம் கீழாகவோ நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு புதிய ரிமூவரில் இன்னொரு முறை, அப்புறம் ஐசோபுரோப்பனால், கடைசியில் அயனி நீக்கிய நீர். ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மேற்பரப்பு காயவே கூடாது. காய்ந்த துணுக்கு போகாது. மெம்ப்ரேன் இருப்பதால் அல்ட்ராசோனிக் வேண்டாம். பிப்பெட்டால் பக்கவாட்டில் மெதுவாக ரிமூவரை ஓடவிட்டால் போதும். என்எம்பி கருவைப் பாதிக்கும் நச்சுப்பொருள், சூடாக்கும்போது புகைக்கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். வாய்ப்பிருந்தால் டிஎம்எஸ்ஓ வகையை எடுங்கள்.

---

வெற்றிடக்கலன் எழுதியது:

மஞ்சள்_அறை சொன்னது எல்லாம் சரி. ஆனால் "ஓரத்தில் பரவாயில்லை, நடுவில் மோசம்" என்ற ஒரு வரியில்தான் நோய் இருக்கிறது. சுவர்ப் படலம் மட்டும் காரணம் என்றால் தடித்த பகுதியிலும் அதே கோளாறு வந்திருக்கும். இது வெப்பம். மைக்ரோ ஹாட்பிளேட் மெம்ப்ரேனை எதற்காக மெலிதாக்குகிறோம்? நடுவில் கொடுத்த வெப்பம் வெளியே ஓடக்கூடாது என்பதற்காக. அந்த நல்ல குணமே ஸ்பட்டரிங் சேம்பருக்குள் எதிராகத் திரும்புகிறது. பிளாஸ்மாவிலிருந்து விழும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் நடுவில் தேங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மெம்ப்ரேன் முழுக்க ஒரே சீராக வெப்பம் விழுந்தால், சட்டத்தைவிட (சுற்றியுள்ள தடித்த சிலிக்கான்) நடுப்புள்ளி எவ்வளவு கூடச் சூடாகும் என்பது: 0.074 பெருக்கல் வெப்பப் பாய்வு பெருக்கல் பக்கத்தின் வர்க்கம், வகுத்தல் வெப்பக் கடத்துதிறன் பெருக்கல் தடிமன். பாய்வைச் சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் என்று எடுத்துக்கொள்வோம், அதாவது சதுர மீட்டருக்கு 500 வாட். பக்கம் 1.5 மில்லிமீட்டர், தடிமன் 1 மைக்ரான், ஆக்சைடு-நைட்ரைடு அடுக்குக்குக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 2 வாட். விடை ஏறத்தாழ 40 டிகிரி. பிளாட்டினம் ஹீட்டர் கொஞ்சம் பரப்பிவிடும், கதிர்வீச்சாலும் ஒரு பங்கு போகும். அதையெல்லாம் கழித்தாலும் 20, 25 டிகிரி மிஞ்சும். சட்டம் 90 டிகிரியில் இருந்தால் நடு 115. அந்த வெப்பநிலையில் ரெசிஸ்ட் இளகி, சுவர் வளைந்து, படலம் தொடர்ச்சியாக மூடிக்கொள்கிறது. கூடவே பிளாஸ்மாவின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலைக் கெட்டிப்படுத்துகின்றன. உங்கள் பழுப்பு எச்சம் அதுதான்.

இங்கே பலரும் சொல்லும் மருந்து "விட்டு விட்டுப் போடு, 5 நிமிடம் ஓட்டு, 5 நிமிடம் ஆறவிடு". சட்டத்துக்கு அது பலிக்கும், ஏனென்றால் 525 மைக்ரான் சிலிக்கான் வெற்றிடத்தில் சூடேறவும் ஆறவும் நிமிடக் கணக்கில் ஆகும். மெம்ப்ரேனுக்கு அந்த இடைவெளி பாதிப் பலன்தான். அதன் சொந்த வெப்ப நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பிளாஸ்மா எரிந்த கணமே அது தன் கூடுதல் 25 டிகிரியை எட்டிவிடும். எனவே குறைக்க வேண்டியது பாய்வை. 150 வாட்டை 75 ஆக்கினால் கூடுதல் வெப்பமும் பாதியாகும், சட்டமும் குளிரும். 25 நிமிட வேலை 50 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். 12 சென்டிமீட்டர் தூரத்துக்கு நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது.

தூரத்துக்கு இன்னொரு பயன்: ஆக்சைடு டார்கெட்டிலிருந்து கிளம்பும் எதிர்மின் ஆக்சிஜன் அயனிகள் டார்கெட்டின் தேய்ந்த வளையத்துக்கு நேர் எதிரே வேகமாக வந்து மோதும். அங்கே படலமும் அடிவாங்கும், ரெசிஸ்ட்டும் அடிவாங்கும். வேஃபரை மையத்திலிருந்து சற்று ஒதுக்கிச் சுழலவிட்டால் அது பரவிப்போகும்.

இன்னும் சில:

செராமிக் டார்கெட்டைச் சட்டென்று முழு வாட்டுக்கு ஏற்றாதீர்கள், விரிசல் விடும். நிமிடத்துக்கு 10 வாட் போதும், இறக்கும்போதும் அப்படியே.

ஷட்டரை மூடிவைத்து 10 நிமிடம் முன்-ஸ்பட்டரிங். அந்த நேரத்தில் பிளாஸ்மா ரெசிஸ்டைத் தொடக்கூடாது. முதல் சில நானோமீட்டர் ஏறிவிட்டால் படலமே ரெசிஸ்டுக்குப் போர்வையாகிவிடும், கெடுதல் பெரும்பாலும் அதற்கு முன்புதான்.

ரெசிஸ்ட் உள்ள வேஃபரை ஏற்றிய உடனே ஓட்ட வேண்டாம். ஈரமும் கரைப்பானும் வெளியேற நேரம் கொடுங்கள். ஒரு மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிய பிறகு ஆரம்பிக்கலாம்.

உலோக டின் டார்கெட்டுக்கு மாறலாமே, வேகம் கிடைக்குமே என்று தோன்றலாம். வேண்டாம் என்பேன். ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டினால் டார்கெட் மேற்பரப்பு ஆக்சைடாகி வேகம் திடீரென்று விழும். குறைத்தால் அதே இடத்தில் திரும்பாது, வேறொரு புள்ளியில்தான் மீளும். பின்னூட்டக் கட்டுப்பாடு இல்லாத கருவியில் ஒவ்வொரு ஓட்டமும் வெவ்வேறு படலம் தரும். டின் 232 டிகிரியில் உருகும், ஒட்டவைக்கும் இண்டியம் 157-லேயே உருகும் என்பதால் வாட்டையும் அதிகம் ஏற்ற முடியாது.

---

நுண்தகடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சட்டத்தில் ஒட்டிய வெப்பநிலை லேபிள் 88 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருக்கிறது, அடுத்த கட்டம் கறுக்கவில்லை. வெற்றிடக்கலன் போட்ட கணக்கு ஏறத்தாழ அங்கேயே வந்து நிற்கிறது. 75 வாட்டும் ஈரடுக்கும் சேர்த்து ஓட்டுகிறோம்.

இரண்டு கேள்வி பாக்கி. அமில எட்ச் சாத்தியமா? அனீலுக்குப் பிறகு வரும் விரிசலுக்கும் மின்தடைக்கும் என்ன வழி? அடுத்த வேஃபர்களுக்கு வரிசையையே மாற்ற முடியும், மெம்ப்ரேனைக் கடைசியில் திறக்கலாம்.

---

படிகம் எழுதியது:

அமில எட்சை மறந்துவிடுங்கள். டின் ஆக்சைடு அமிலத்துக்கு அசையாத பொருள். அனீல் ஆன படலம் ஹைட்ரோகுளோரிக்கில், சல்ஃபூரிக்கில், ஹைட்ரோஃப்ளூரிக்கில்கூடக் குறிப்பிடும்படி கரையாது, அதற்குள் உங்கள் ஆக்சைடு மெம்ப்ரேன்தான் போய்விடும். பழைய வழி ஒன்று உண்டு: துத்தநாகப் பொடியைக் குழைத்துப் பூசி நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் இறக்குவது. கிளம்பும் ஹைட்ரஜன் டின் ஆக்சைடை டின்னாக ஒடுக்கும், டின் அமிலத்தில் கரையும். கண்ணாடியில் மில்லிமீட்டர் அளவுப் பட்டைகள் போட அது சரி. குமிழ் பொங்கி மெம்ப்ரேனை ஆட்டும், பொடி தங்கும், விளிம்பு பல மைக்ரான் உள்ளே அரிக்கும். இங்கே பொருந்தாது.

உலர் எட்ச் முடியும். குளோரின் வகை வாயுக்களிலோ மீத்தேன்-ஹைட்ரஜன் கலவையிலோ போகும். ஆனால் மெதுவாகப் போகும், கீழே உள்ள நைட்ரைடில் எங்கே நிறுத்துவது என்பது தலைவலி, மீத்தேன் கலவை சேம்பர் முழுக்கப் பாலிமரைப் படியவைக்கும். லிஃப்ட்-ஆஃப்தான் உங்கள் வழி.

அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்சைடு திட்டுக்குக் கூர்மையான விளிம்பு உண்மையிலேயே தேவையா? எலெக்ட்ரோடு மேல் நிறைந்திருக்க வேண்டும், பாண்ட் பேடு (கம்பி இணைக்கும் திட்டு) மேல் ஏறக்கூடாது, இவ்வளவுதானே. 200, 300 மைக்ரான் திட்டு என்றால் சிலிக்கானிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த துளைத்தகட்டை மேலே வைத்து ஸ்பட்டர் செய்தாலே போதும். தகட்டுக்கும் வேஃபருக்கும் உள்ள இடுக்கில் படலம் புகுந்து விளிம்பு 10, 20 மைக்ரான் மங்கும். அது இங்கே குற்றமில்லை. ரெசிஸ்ட்டே இல்லாததால் வேஃபரை 250 டிகிரிக்குச் சூடாக்கிப் படியவைக்கலாம், படலம் அப்போதே ஓரளவு படிகமாகிவிடும், அனீலில் சுருங்குவது குறையும். தகடு மெம்ப்ரேனைத் தொடக்கூடாது, அடிப்பக்கம் பள்ளம் இருக்கட்டும். அணிசேர்ப்பில் 20 மைக்ரான் பிசகினாலும் வேலை கெடாதபடி மாஸ்க்கை வரைந்துவிட்டால் முடிந்தது.

இப்போது விரிசல். குளிர்ந்த வேஃபரில் ஸ்பட்டர் செய்த டின் ஆக்சைடு பெரும்பாலும் படிகமற்றது. 500 டிகிரியில் ரூட்டைல் அமைப்புக்குப் படிகமாகும்போது அடர்ந்து சுருங்கும். சுருங்குவதை அடித்தளம் தடுக்கும், படலம் இழுபடும். இழுபடும் படலம் பலவீனமான இடத்தில் கிழியும். உங்களுக்குப் பலவீனமான இடம் எது? 220 நானோமீட்டர் உயரப் படிக்கட்டில் 100 நானோமீட்டர் படலம் ஏறி இறங்குகிறது. படியின் மூலையில் நிழல் விழுந்து தூண்கள் இரு பக்கமாக வளரும், நடுவே சேராத கோடு ஒன்று பிறக்கும்போதே இருக்கும். அனீல் அதைத் திறந்துகாட்டுகிறது, அவ்வளவே. ரேம்பை (சூடேற்றும் வேகத்தை) நிமிடத்துக்கு 2 டிகிரியாகக் குறைப்பது நல்லதுதான், அதனால் மட்டும் தீராது.

தீர்வு எலெக்ட்ரோடில். ஹீட்டருக்குத் தடிப்பு வேண்டும், எலெக்ட்ரோடுக்கு வேண்டாம். இரண்டையும் தனி அடுக்காக்கி எலெக்ட்ரோடை 80 நானோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஆக்சைடு படியைவிடத் தடிமனாக இருக்கட்டும், 120 முதல் 150. பிளாட்டினத்தையும் லிஃப்ட்-ஆஃபில் போட்டிருந்தால் அதன் விளிம்பிலும் நிமிர்ந்த காதுகள் இருக்கலாம், சாய்த்து எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். காதுள்ள விளிம்பில் எந்தப் படலமும் முழுதாக ஏறாது.

டைட்டானியத்தை மாற்றுங்கள். 500 டிகிரியை ஒட்டி அது பிளாட்டினத்தின் படிக எல்லைகள் வழியே மேலேறி ஆக்சைடாகும், ஹீட்டர் மின்தடை நகரும், ஒட்டும் தளரும். டாண்டலம் 10 முதல் 15 நானோமீட்டர் இந்த வெப்பத்துக்கு நன்றாகத் தாங்குகிறது.

மின்தடை பற்றி. அறை வெப்பநிலையில் மல்டிமீட்டர் ஊசி அசையவில்லை என்பது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் கலந்து போட்டு, காற்றில் அனீல் செய்த மெல்லிய படலத்தில் ஆக்சிஜன் வெற்றிடங்கள் குறைந்துவிடும், மேற்பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும். ஹீட்டரை ஓட்டி 300 டிகிரியில் எலெக்ட்ரோமீட்டரால் அளவிடுங்கள். அங்கேயும் திறந்த சுற்றாகவே இருந்தால் விரிசல் தான் குற்றவாளி. இரண்டையும் பிரித்தறிய இன்னொரு வழி: சமதளத்தில் போட்ட படலத்தின் மேல் எலெக்ட்ரோடு வைத்த சோதனை அமைப்பு ஒன்று வேஃபரில் இருக்கட்டும். அது கடத்தி, படிக்கட்டு ஏறும் அமைப்பு கடத்தவில்லை என்றால் விடை கையில். சூடாக இருக்கும்போதும் மின்தடை மிக அதிகம் என்றால் ஆக்சிஜனை 10 சதவீதத்திலிருந்து 5-க்கு இறக்குங்கள். ஆக்சிஜனே இல்லாமல் போடாதீர்கள், படலம் பழுப்பேறிக் கடத்தும், ஆனால் வாயு சென்சாராக நிலைக்காது.

அனீல் வெப்பநிலை சென்சார் ஓடும் வெப்பநிலையைவிட 100 டிகிரியாவது மேலே இருக்கட்டும், இல்லையென்றால் பயன்பாட்டில் இருக்கும்போதே படிகமணி வளர்ந்து அடிக்கோடு நகரும். மிகவும் ஏற்றவும் வேண்டாம். மணி 6 நானோமீட்டருக்குக் கீழே வரும்போது உணர்திறன் வேகமாக ஏறுவதை யமாசோயே குழுவினர் 1991-இல் காட்டினார்கள். மணியின் விட்டம், எலெக்ட்ரான் வறண்ட மேற்பரப்பு அடுக்கின் இருமடங்கை நெருங்கும் இடம் அது. 700 டிகிரிக்குப் போனால் அந்த லாபம் கைவிட்டுப் போகும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 26.6, 33.9, 51.8 டிகிரிக் கோடுகளின் அகலத்தை அளந்தால் மணியின் அளவு தெரியும்.

---

மஞ்சள்_அறை எழுதியது:

படிகம் சொன்ன துளைத்தகடு நல்ல யோசனை. லிஃப்ட்-ஆஃபில் தொடர்வதென்றால் அழுத்தத்தை 0.7-லிருந்து 0.4 பாஸ்கலுக்கு இறக்குங்கள், சுவரில் ஏறுவது குறையும்.

இதே வேஃபரில் வேறு ஆக்சைடுகளையும் வரிசையாகப் போடும் எண்ணம் இருந்தால் டெவலப்பரைக் கவனியுங்கள். டின் ஆக்சைடை டிஎம்ஏஎச் ஒன்றும் செய்யாது. துத்தநாக ஆக்சைடு அதில் கரையும், அனீல் செய்யாத டங்ஸ்டன் ஆக்சைடும் கரையும். அவற்றை முதலில் போட்டுவிட்டு அடுத்த லித்தோகிராஃபிக்குப் போனால், திறந்திருக்கும் இடத்தில் மெலிந்துவிடும். டின் ஆக்சைடு முதலில், மென்மையானவை கடைசியில்.

---

படிகம் எழுதியது:

அழுத்தம் இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த அழுத்தத்தில் வரும் அணுக்கள் வேகம் குறையாமல் மோதும். படலம் அடர்த்தியாகும், அமுக்கத் தகைவு ஏறும். வாயு உள்ளே புகச் சற்றுத் துளைகள் உள்ள படலம்தான் வேண்டும், அதற்கு 0.7-ஐ 1 பாஸ்கல் ஆக்குவதே சரி. சுவர்ப் படலத்தைக் குகையின் ஆழம் பார்த்துக்கொள்ளட்டும்.

தகைவு இங்கே சும்மா விடும் விஷயமும் இல்லை. மெம்ப்ரேன் 1 மைக்ரான், இழுவிசைத் தகைவு 0.15 கிகாபாஸ்கல் என்றால் மீட்டருக்கு 150 நியூட்டன் இழுப்பு இருக்கிறது. 100 நானோமீட்டர் ஆக்சைடு 1 கிகாபாஸ்கல் அமுக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் 100 நியூட்டனைத் தின்றுவிடும். 150 நானோமீட்டர் போட்டால் மீதி ஒன்றுமில்லை, திட்டு இருக்கும் இடம் சுருங்கித் தொய்யும். அளப்பது சுலபம்: முழு வேஃபரில் படலம் போடும் முன்னும் பின்னும் புரொஃபைலோமீட்டரில் 80 மில்லிமீட்டர் ஓட்டி வளைவைப் பாருங்கள். 525 மைக்ரான் வேஃபரில் 100 நானோமீட்டர் படலத்துக்கு 5 மைக்ரான் வளைவு மாற்றம் என்றால் தகைவு சுமார் 500 மெகாபாஸ்கல். அனீலுக்குப் பிறகு இன்னொரு முறை, குறி மாறியிருக்கும்.

---

மஞ்சள்_அறை எழுதியது:

சரி, தகைவுக் கணக்கை நான் சேர்க்கவில்லை. 1 பாஸ்கலில் போடுவதென்றால் எல்ஓஆரை 10பி ஆக்கி 1 மைக்ரானுக்கு ஏற்றுங்கள், குகை 2 மைக்ரான் வரை போகட்டும். திட்டைச் சுற்றிலும் அதற்கு இடம் இருக்கிறது.

---

நுண்தகடு எழுதியது:

மெம்ப்ரேனைக் கடைசியில் திறந்தால் வெப்பச் சிக்கலே இராது என்று புரிகிறது. திறந்த வேஃபர்கள் இன்னும் மூன்று கையில் உள்ளன. அவற்றைக் கேரியர் வேஃபரில் (அடியில் தாங்கும் வேறு வேஃபர்) ஒட்டி, ரெசிஸ்ட் ஊற்றி ஸ்பின் செய்யலாமா? வெறுமனே ஸ்பின்னரின் சக்கில் (வெற்றிடத்தால் வேஃபரைப் பிடிக்கும் தட்டில்) வைத்தால் வெற்றிடப் பள்ளத்துக்கு நேர் மேலே உள்ள மெம்ப்ரேன்கள் உடைகின்றன.

---

வெற்றிடக்கலன் எழுதியது:

ஒட்டலாம், ஆனால் முழுதும் மூடி ஒட்டாதீர்கள். பின்பக்கக் குழிகளில் சிறைப்படும் காற்று சேம்பரில் வெற்றிடம் ஏறும்போது ஒரு வளிமண்டல அழுத்தத்தோடு மெம்ப்ரேனை வெளியே தள்ளும். கதவைத் திறந்தால் நடுப்பகுதி எல்லாம் ஓட்டையாக இருக்கும். கேரியரில் டைசிங் ரம்பத்தால் 100 மைக்ரான் ஆழக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சில்லின் அகலத்துக்கு ஒன்றாக, விளிம்புவரை ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு குழியும் ஏதாவதொரு கோட்டின் மேல் வர வேண்டும். ஒட்டுவது ஓரத்தில் நான்கு சிறு புள்ளி ரெசிஸ்ட் மட்டும். ஸ்பின்னர் வெற்றிடம் கேரியரைப் பிடிக்கும், மெம்ப்ரேனுக்கு அது தெரியாது.

சேம்பரை மெதுவாக இறக்குங்கள். ரஃபிங் வால்வைக் கால் திறப்பில் வைத்து முதல் சில நிமிடம், பிறகு முழுதும். காற்றை உள்ளே விடும்போதும் அதே நிதானம், அப்போது மெம்ப்ரேன் உள்நோக்கி வளையும். கேரியர் இடையில் வந்தால் சட்டம் குளிர்வதும் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த மூன்றுக்கும் 75 வாட்டோடு 5 நிமிட ஓட்டம், 10 நிமிட ஓய்வு என்று சேர்த்துக்கொள்ளுங்கள், லேபிளை இந்த முறை கேரியரில் ஒட்டாமல் மேல் வேஃபரின் சட்டத்தில் ஒட்டுங்கள்.

டெவலப் முடிந்ததும் ரெசிஸ்ட்டைக் கெட்டிப்படுத்த ஹார்ட் பேக் எதுவும் வேண்டாம். ரிமூவரில் இறக்கும்போது கேரியர் தானே பிரிந்துவிடும், அப்போது குழிக்குள் திரவம் நிறையும். வெளியே எடுக்கும்போது நைட்ரஜன் துப்பாக்கியை நேராக நீட்டாதீர்கள். ஐசோபுரோப்பனாலிலிருந்து எடுத்து, சாய்த்து வடியவிட்டு, 60 டிகிரி ஓவனில் உலரட்டும்.